ஐயா, உங்கள் பெயர் என்ன?

ரத்த மாதிரி எடுக்க வார்டுக்குப் போகும்போது, மருத்துவத் துறைக்கு வர விரும்பும் கல்லூரி மாணவர்களில் ஒருவரைச் சில நாட்களில் உடன் அழைத்துச் செல்கிறேன். அவர்கள் ஊசியைத் தொடமாட்டார்கள், குழாயைக்கூட எடுத்துத் தரமாட்டார்கள். சுவரோரம் நின்று பார்ப்பது மட்டுமே அவர்களுக்கான வேலை. நோயாளியிடம் முதலில் நான் அனுமதி கேட்பேன். அவர் வேண்டாம் என்றால் மாணவர் கதவுக்கு வெளியே நிற்பார். அதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்படி ஒரு காலையில் வந்த மாணவிக்கு ஆர்வம் அதிகம். நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது படிவத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த முதியவரிடம், "ஐயா, நீங்கள் இன்னார்தானே?" என்று படிவத்திலிருந்த பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவர் கண்ணைப் பாதி திறந்து தலையாட்டினார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சரியாகச் செய்துவிட்ட நிறைவு முகத்தில் தெரிந்தது.

நான் குனிந்து, "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது வேறு பெயர். கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அவர் சொன்ன பெயர்தான் இருந்தது. இரவில் இரண்டு நோயாளிகளைக் கட்டில் மாற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். படிவத்தில் பழைய கட்டில் எண்ணே நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "அவர் ஏன் மேடம் தலையாட்டினார்?"

நோயில் கிடப்பவர் வெள்ளைக் கோட்டுக்குத் தலையாட்டுவார். காது சரியாகக் கேட்டிருக்காது. தூக்க மருந்து இன்னும் கலைந்திருக்காது. மறுத்துப் பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கும். அதனால்தான் 'ஆமாம், இல்லை' என்று பதில் வரக்கூடிய கேள்வியாக அதைக் கேட்கக் கூடாது. பெயரும் பிறந்த தேதியும் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். பிறகு கைப்பட்டை, அதற்குப் பிறகு படிவம். மூன்றும் ஒத்துப்போனால்தான் ஊசி. ரத்தம் எடுத்த பின், அந்தக் கட்டிலருகிலேயே நின்று குழாயில் லேபிள் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே பெயர் ஒட்டிய காலிக் குழாய்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வார்டைச் சுற்றுவதைப் போன்ற ஆபத்தான பழக்கம் எங்கள் தொழிலில் வேறில்லை.

நான் ரத்த வங்கியில் வேலை செய்யும் ஆய்வகத் தொழில்நுட்பர். டாக்டர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் டாக்டராக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வருகிறார்கள். ஒரு மாணவன் முதல் நாளே, "உங்களுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். மருத்துவமனையில் டாக்டராக இல்லாதவர்கள் எல்லாம் டாக்டராக முடியாமல் போனவர்கள் என்றுதான் அவனுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு எண்ணத்தை உடைப்பதற்காகவே நான் இத்தனை ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவனுக்கு என் வேலையைக் காட்டினேன். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் தன்னோடு ஆய்வகத்தில் வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில கலவைகளில் சிவப்பணுக்கள் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. ரத்த வகைகள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். இன்றும் நான் செய்வது ஏறக்குறைய அதுவே. நோயாளியின் அணுக்களை, எந்த வகையைத் திரளவைக்கும் என்று தெரிந்த எதிர்ப்பொருளோடு (வேற்று அணுக்களைப் பற்றிக்கொள்ளும் புரதம்) சேர்த்துப் பார்ப்பேன். பிறகு தலைகீழாக, அவருடைய பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, வகை தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பார்ப்பேன். இரண்டு சோதனைகளும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், விளக்கம் கிடைக்கும்வரை அந்த விடையை வெளியே விடமாட்டேன்.

குழாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது அவன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். வேகமாகச் சுழற்றி அணுக்களை அடியில் படிய வைக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்த குழாயை மெதுவாக ஆட்டினால், வகை பொருந்தும் எதிர்ப்பொருள் உள்ள குழாயில் அணுக்கள் ஒரே கட்டியாக அடியிலிருந்து பெயர்ந்து வரும். பொருந்தாத குழாயில் புகை கலைவதைப் போல மெல்லக் கரைந்து பரவும். இடையில் மங்கலாக, இரண்டும் அல்லாத ஒன்றும் சில நேரம் வரும். அந்த மங்கலைப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று எழுதாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். தவறான வகை ரத்தம் ஏறினால் உடலிலிருக்கும் எதிர்ப்பொருள்கள் அந்த அணுக்களை நாளத்துக்குள்ளேயே உடைத்துவிடும். சிறுநீரகம் செயலிழக்கலாம், ரத்தம் உறையும் ஒழுங்கே குலைந்துபோகலாம். இப்படி நடக்கும் விபத்துகளுக்கு ஆய்வகச் சோதனையைவிடப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, கட்டிலருகே ஆளை மாற்றி எடுத்த மாதிரியும், ஏற்றும்போது ஆளைச் சரிபார்க்காமல் விட்டதும்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மூத்த தொழில்நுட்பர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், அவசரத்தில் இரண்டு பேரிடம் ரத்தம் எடுத்துவிட்டு, லேபிளை மேசைக்கு வந்து ஒட்டினேன். மாற்றி ஒட்டிவிட்டேன். ஒரு நோயாளியின் பழைய பதிவில் இருந்த வகையும் புதிய மாதிரியின் வகையும் ஒத்துப்போகாததை அவர் கண்டுபிடித்தார். ரத்தம் வெளியே போகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, மேலே எழுதிப் போடுவேன் என்று மிரட்டவும் இல்லை. என் கையைப் பிடித்து இரண்டு கட்டில்களுக்கும் அழைத்துப் போனார். "தவறு எங்களுடையது. மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்" என்று இருவரிடமும் என்னையே சொல்ல வைத்தார். பிறகு நடந்ததை அப்படியே பதிவேட்டில் எழுத வைத்தார். அந்த இரண்டு முகங்களையும் நான் பார்த்தாக வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். குழாயில் ஒட்டியிருப்பது பெயரல்ல, ஓர் ஆள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மாணவர்களுக்கு நான் ஏதாவது செய்கிறேன் என்றால் அது அந்தக் கடனைத் திருப்பித் தருவதுதான்.

ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்று நான் சொல்வதில்லை. பார்க்கச் சொல்கிறேன். பார்த்ததை எழுதச் சொல்கிறேன். முதல் மாதம் முழுவதும் இவ்வளவுதான்.

ஒரு பயிற்சி எல்லோருக்கும் கொடுப்பேன். பக்கவாதத்தோடு ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள். அவர் வீடு திரும்பும்வரை யார் யார் கை அவர்மேல் படும் என்று தாளில் எழுதிக் கொண்டுவா. முதல்முறை எழுதும்போது டாக்டர், நர்ஸ் என்று இரண்டோடு நின்றுவிடும். பிறகு உட்கார்ந்து பேசும்போது பட்டியல் நீளும். மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று தெரியாமல் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போடவே முடியாது. கசிவு இருக்கும்போது போட்டால் ஆளையே கொன்றுவிடும். அதனால் சி.டி. படம் எடுக்கும் தொழில்நுட்பர் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிக்கொண்டு வேலை செய்கிறார். அந்த மருந்துக்கான வழக்கமான கால எல்லை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். நோயாளி எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதும் நர்ஸின் ஒற்றை வரியில்தான் அந்தக் கணக்கு தொடங்குகிறது. மருந்தாளுநர் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவைக் குறைக்கச் சொல்கிறார். இயன்முறை மருத்துவர் அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைக்கிறார். சட்டைப் பித்தானை ஒரு கையால் போட மறுபடியும் பழக்குவதற்குச் செயல்முறைச் சிகிச்சையாளர் என்று ஒருவர் இருக்கிறார்.

இந்தப் பட்டியலில் மாணவர்களை எப்போதும் அதிகம் அசைப்பது பேச்சுச் சிகிச்சையாளர். பேச்சு வரவழைப்பது மட்டும்தான் அவர் வேலை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பக்கவாதம் வந்தவர் விழுங்குவது பத்திரமா என்று சரிபார்க்கும் முன் வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் தசை ஒத்துழைக்காவிட்டால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் நிமோனியா வரும். அதிலேயே உயிர் போனவர்கள் உண்டு. பேச்சுச் சிகிச்சையாளர் நோயாளியின் குரல்வளை மேல் விரல்களை மெல்ல வைத்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, விரலடியில் குரல்வளை ஏறி இறங்குவதைக் கவனிக்கிறார். பிறகு பேசச் சொல்லி, குரல் ஈரமாக, கொழகொழவென்று வருகிறதா என்று காது கொடுக்கிறார். இருமல் வராமலேயே தண்ணீர் தவறான வழியில் போவதும் உண்டு என்பதால், சந்தேகம் இருந்தால் படமெடுத்தும் பார்ப்பார்கள். இதை நேரில் பார்த்த ஒரு மாணவி தன் நோட்டில் எழுதினாள்: 'தண்ணீர் தாகம் என்று அவர் சைகை காட்டுகிறார். கொடுக்க முடியாது என்று சொல்லும் ஆள் அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொல்கிறார்.' அந்த வரியைப் படித்தபோது, இவளுக்கு எந்தப் படிப்பு என்பதைப் பற்றி இனி நான் கவலைப்பட வேண்டாம் என்று தோன்றியது.

மயக்கம் போட்டு விழுவதைப் பற்றியும் எழுத வேண்டும். ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது, ஆகவே இந்தத் துறை எனக்குச் சரிவராது என்று கண்கலங்கி வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது மனவலிமைக் குறைவு அல்ல. ஊசியையோ காயத்தையோ பார்த்ததும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும் ஓர் உடல் எதிர்வினை அது. காலையில் வெறும் வயிற்றோடு, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றால் இன்னும் எளிதாக வரும். கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்துத் தளர்த்தி, மறுபடியும் இறுக்கினால் அழுத்தம் விழாமல் தாங்கும். வியர்க்கிறது, காது அடைக்கிறது என்றால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். பழகப் பழகப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. என்னிடம் வந்த ஒருவன் மூன்று முறை உட்கார்ந்தான். நான்காம் முறை நின்றான்.

ஆனால் பழகியும் குறையாத ஒன்று உண்டு: துன்பத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு இரவில் தூங்க முடியாமல் போவது. அதை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. துன்பத்துக்கு எவ்வளவு அருகில் ஒருவரால் நிற்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கட்டிலருகே நாள் முழுவதும் நிற்க முடிபவர் நர்ஸாகலாம். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், அவருடைய செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே அவருக்கு உதவ முடிபவரும் இருக்கிறார். ஓர் ஊரின் தடுப்பூசிக் கணக்கை எடுத்துக்கொண்டு, பெயரே தெரியாத ஆயிரம் பிள்ளைகளுக்கு நோய் வராமல் தடுப்பவரும் இருக்கிறார். இவற்றில் எதுவும் எதற்கும் தாழ்ந்ததில்லை.

வழிகாட்டுகிறேன் என்ற பெயரில் கதவை அடைத்துவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது. வர்ஜீனியா அப்காரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சங்கடம் வரும். 1933-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தவர். அவருடைய துறைத் தலைவர் ஆலன் விப்பிள், அறுவைச் சிகிச்சையில் பெண்கள் தொழில் நடத்திப் பிழைப்பது கடினம் என்று சொல்லி, அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் துறையான மயக்கவியல் பக்கம் திருப்பிவிட்டார். அப்கார் அங்கே போய் அந்தத் துறையையே வளர்த்தெடுத்தார். 1949-இல் அந்த மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார். பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று மருத்துவமனை உணவகத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு, கையில் கிடைத்த தாளில் ஐந்து குறிப்புகளை அவர் எழுதிக் காட்டினார் என்பார்கள். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் வரும் எதிர்வினை, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. 1953-இல் அது அச்சில் வந்தது. இன்று உலகெங்கும் குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அந்த மதிப்பெண்ணைப் போடுகிறார்கள்.

இதை வழிகாட்டியின் பெருமைக்குச் சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. விப்பிள் அவருடைய திறமையை அடையாளம் கண்டார் என்பது உண்மை. மயக்கவியலுக்கு நல்ல மூளை தேவை என்று அவர் நினைத்ததும் உண்மை. ஆனால் ஒரு பெண்ணுக்கு ஒரு வழி நியாயமில்லாமல் அடைபட்டது, அவர் தன் உழைப்பால் இன்னொரு வழியைத் திறந்துகொண்டார். மாணவரிடம் 'உனக்கு இது சரிவராது' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இது இவரிடம் நான் கண்டதா, உலகம் இவரைப் பற்றிச் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேனா? இரண்டாவது என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் உணவகத்தில் கேள்வி கேட்ட அந்த மாணவர்தான்.

நேரம் கடந்துவிட்டது என்று கவலைப்படுபவர்களுக்கு சிசிலி சாண்டர்ஸைச் சொல்வேன். முதலில் நர்ஸ், முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், முப்பது வயதைத் தாண்டி மருத்துவம் படிக்கத் தொடங்கி 1957-இல் டாக்டர். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை 1967-இல் அவர் திறந்தபோது, மூன்று வேலைகளிலும் கற்றது அவருக்குக் கைகொடுத்தது.

சேர்க்கைக்காக எழுதும் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி நிறையப் பேர் வருகிறார்கள். 'சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற கனவு' என்றுதான் முக்கால்வாசி தொடங்கும். அது பொய்யல்ல. ஆனால் அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நோட்டை எடு, நீ மட்டும் பார்த்த ஒன்றை எழுது என்பேன். ஒரு மாணவன் இரண்டு பக்க இலட்சியத்தை அடித்துவிட்டு, பாட்டியின் மாத்திரைப் பெட்டியில் ஒரே மருந்து இரண்டு வேறு வணிகப் பெயர்களில் இருந்ததைத் தான் கண்டுபிடித்த விதத்தை எழுதினான். அவன் மருந்தியல் படிக்க வேண்டிய காரணம் முழுவதும் அந்த ஒரு பத்தியில் இருந்தது.

வார்டுக்கு வருவதற்கு முன் நான் கறாராக இருக்கும் விஷயங்கள் சில. ரத்தம் வழியாகவும் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியின் மூன்று தவணைகள் போட்டிருக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் அது முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன். கைப்பேசி பையில் இருக்க வேண்டும், படம் எடுக்கவே கூடாது. லிஃப்டில் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது; பக்கத்தில் நிற்பவர் அவருடைய மகனாக இருக்கலாம். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது என்பதை, அவர்கள் ஊசியைத் தொடாத காலத்திலேயே சொல்லிவிடுகிறேன். குத்திக்கொண்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சராசரியாக 1000-இல் 3. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பயந்து மறைத்துவிட்டால் அந்த மணி நேரங்கள் வீணாகிவிடும். தவறைச் சொல்பவரைத் தண்டிக்கும் இடத்தில் தவறுகள் மறைந்து வாழும் என்று என் மூத்தவர் சொல்வார். பதிவேட்டில் என்னை எழுத வைத்தவர் அவர்.

விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். எட்டு மாதம் ஒழுங்காக வந்த ஒருத்தி, ஒருநாள் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம் மேடம் என்றாள். பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை. அழவில்லை, தெளிவாகத்தான் இருந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நோயாளிகளைப் பற்றி அவள் எழுதியிருந்தது குறைவு. காத்திருப்போர் அறையின் வெளிச்சம், நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்காமல் வரிசையாக இருப்பது, சக்கர நாற்காலி திரும்ப முடியாத அந்த மூலை, இப்படிப் பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருந்தாள். இப்போது கட்டடக் கலை படிக்கிறாள். அவளுக்கான பரிந்துரைக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதில் நல்ல கடிதங்களில் அதுவும் ஒன்று.

முதல் வாரத்தில் பெயரைத் தவறாகக் கேட்ட மாணவி இன்னும் வந்துகொண்டிருக்கிறாள். நேற்று அவளுடைய நோட்டில் ஒரு கேள்வி இருந்தது: 'நினைவில்லாமல் கிடப்பவரின் பெயரை யாரிடம் கேட்பது?'

கைப்பட்டையை வைத்து என்று உடனே பதில் எழுதிவிட்டேன். பிறகு யோசித்தேன். விபத்தில் அடையாளம் தெரியாமல் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவருக்கு அந்தப் பட்டையில் பெயரே இருக்காது. ஒரு தற்காலிக எண் மட்டும் இருக்கும். அவருக்கு ரத்தம் ஏறும்வரை அந்த எண்தான் அவர் பெயர். குழாயிலும் படிவத்திலும் ரத்தப் பையிலும் ஓர் இலக்கம்கூட மாறக் கூடாது. குடும்பத்தார் வந்து உண்மைப் பெயரைச் சொன்ன பிறகும், அவசரப்பட்டு நடுவில் மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் புதிய மாதிரி எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதையெல்லாம் நோட்டின் ஓரத்தில் எழுத இடம் போதவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு அவசரப் பிரிவின் வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.